கப்பலேறிய கிணற்றுத் தண்ணீர்

என் கணவர் கல்லூரியில் பூகோளம் கற்பித்தவர். எந்தத் தீவின் பெயரைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைந்துவிடுவார் என்று அவருடைய மாணவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவர் நேரில் பார்த்த ஒரே தீவு, அடையாறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கும் மண்திட்டு. அதையும் கரையில் நின்றுதான் பார்த்தார், கால் நனைந்துவிடும் என்று.

மயிலாப்பூரில் குளத்துக்கு வடக்கே, ஒரு குறுகலான தெருவில் எங்கள் வீடு. வீட்டில் மூன்றே பேர்: அவர், அவருடைய அம்மா, நான். எங்களுக்குக் குழந்தை இல்லை. இருந்த ஒரே நாத்தனாரை மாம்பலத்தில் கொடுத்திருந்தது. தியாகராய நகர் என்று புதிதாகத் தெருக்கள் போட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார்களே, அங்கே. ராத்திரி சாப்பாடு ஆனதும் அவர் கூடத்தில் பூகோளப் படங்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் வெற்றிலை மடித்துக்கொடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். சுமத்ரா, ஜாவா, பாலி, போர்னியோ என்று விரலை ஓட்டிக்கொண்டே போவார். மற்ற பெண்களுக்குப் புருஷன்மார் வைரத்தோடு, பட்டுப்புடவை என்று ஆசை காட்டுவார்கள். எனக்கு இவர் தீவுகளைக் காட்டினார். சொல்வதற்கென்ன, எனக்கு அது பிடித்திருந்தது.

முப்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறைக்கு, அவருடன் படித்த சிநேகிதர் ஒருவர், ஹார்பர் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் இருந்தவர், எங்கள் இருவருக்கும் சலுகையில் இரண்டாம் வகுப்பு இடம் வாங்கித் தருவதாகச் சொன்னார். நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர், அங்கிருந்து டச்சுக்காரன் கப்பலில் ஜாவா, பாலி. அன்றைக்கு இவர் காலேஜிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலிருந்தே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நாற்பது வயது மனிதர், முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாமியாரிடம் யார் சொல்வது என்பதுதான் கேள்வி. கடல் தாண்டினால் ஜாதிப்பிரஷ்டம் என்று சொல்கிற காலம் ஏறக்குறையப் போய்விட்டது. எங்கள் தெருவிலேயே இரண்டு வக்கீல்கள் சீமைக்குப் போய்விட்டு வந்து, பஞ்சகவ்யம் சாப்பிட்டுவிட்டு, பழையபடி பந்தியில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அதனால் என் மாமியார் போகக்கூடாது என்று சொல்லவில்லை. மடி நார்ப்புடவையின் தலைப்பை இழுத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“உங்கப்பாவுக்குத் திவசம் பண்ற கைடா அது. கப்பல் தண்ணி ஒரு சொட்டு உள்ள போகப்படாது. நம்மாத்துக் கிணத்துத் தண்ணியை எடுத்துண்டு போ. அது தீர்ந்தா, போற ஊர்ல கோயில் கிணறு இருந்தா, குருக்களை எறைச்சுத் தரச்சொல்லு. அதுல தோஷமில்லை. மத்தபடி நான் ஒண்ணும் சொல்லலை.”

இந்தத் தண்ணீர்க் கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மயிலாப்பூருக்குக் கார்ப்பரேஷன் குழாய் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனால் குழாய்க்குள்ளே தோல் வாஷர் இருக்கிறது என்று ஒரு சேதி பரவியிருந்தது. மாட்டுத்தோலில் பட்டு வரும் தண்ணீரை மடியாக இருக்கிறவர்கள் எப்படிக் குடிப்பது? எங்கள் வீட்டு வாசலில் குழாய் இருந்தது. அதில் மாடு குளிப்பாட்டலாம், வாசல் தெளிக்கலாம். குடிக்க, சமைக்க எல்லாம் கொல்லைக் கிணறுதான். அந்தக் கிணற்றுக்குப் பத்தடி தள்ளிக் கக்கூஸ், அதற்குப் பின்னால் தோட்டிச் சந்து. மழைக்காலத்தில் சந்தில் தேங்குகிற தண்ணீருக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் ஒரே நிறம். மாமியார் கேட்டால் “மண் வாகு” என்பார். மாம்பலத்தில் நாத்தனார் வீட்டில் சமையலறைக்குள்ளேயே குழாய் உண்டு. அதனால் மாமியார் மகள் வீட்டில் கை நனைத்ததே இல்லை.

இவர் எம்.ஏ. படித்தவர். கடலில் தண்ணீர் எப்படி ஆவியாகிறது, எப்படி மழையாகிறது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர். அம்மா சொன்னதும் சரி என்று தலையாட்டிவிட்டார். அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லாதவர். தகப்பனார் சின்ன வயதில் போய், அந்த அம்மாள்தான் அப்பளம் இட்டுப் படிக்க வைத்தாள். அதனால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இவர் படத்தை விரித்து வைத்துக்கொண்டு பிரயாணத்தைக் கிணறு கிணறாகத் திட்டம் போட்டார். பினாங்கில் செட்டியார் கோயில் இருக்கிறது, கிணறு இருக்கும். சிங்கப்பூரிலும் அப்படியே. ஜாவாவில் யாரை விசாரித்தும் கோயில் கிணறு பற்றித் தகவல் இல்லை. ஜாவா போயிற்று. ஜாவா போனதும் பாலியும் போயிற்று. பாலியில் இருப்பவர்கள் எல்லாரும் ஹிந்துக்கள்தானே என்று கேட்டேன். அங்கே குருக்கள் யார் என்று நமக்குத் தெரியாதே என்றார். உலகத்துத் தீவுகளெல்லாம் தெரிந்த மனிதர், கிணறு இருக்கிற இரண்டு தீவுகளோடு திருப்திப்பட்டுக்கொண்டார்.

நாலு பெரிய பித்தளைக் குடங்களில் மாமியார் விடியற்காலையில் ஈரப்புடவையோடு தானே தண்ணீர் இறைத்து நிரப்பி, வாயில் வெள்ளைத் துணி வைத்து இறுகக் கட்டினார். அவல், வெல்லம், பொரிவிளங்காய் உருண்டை, சத்துமாவு என்று ஒரு தகரப்பெட்டி. இவர் அம்மாவை நமஸ்காரம் பண்ணி, சொன்னபடி நடப்பதாக வாக்குக் கொடுத்தார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்டாட்டி புருஷனோடு சேர்த்தி என்று நினைத்தார்களோ என்னவோ. கேட்காததை நானும் கொடுக்கவில்லை.

கப்பலில் முதல் நாள் காலையிலேயே பட்லர் கொண்டுவந்த காபியை நான் வாங்கிக் குடித்தேன். இவர் எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பார்த்தார். “நன்னா இருக்கா?” என்று கேட்டார். வாசனையைப் பிடிக்கிற மாதிரி மூக்கை நீட்டினார். பிறகு குடத்துத் தண்ணீரை வெள்ளித் தம்ளரில் நான் சாய்த்துக் கொடுக்க, தூக்கிக் குடித்தார். அந்த மனிதர் கல்யாணமான நாளிலிருந்து என் கையால்தான் தண்ணீர் குடிப்பார். காலேஜிலிருந்து வந்து, செம்பு பக்கத்திலேயே இருந்தாலும், நான் வந்து எடுத்துக் கொடுக்கிறவரை காத்திருப்பார். மாமியார் இதற்காக என்னைக் கரித்துக்கொட்டுவார். எனக்குள்ளே பெருமையாக இருக்கும்.

நாகப்பட்டினத்தில் கப்பல் நின்றபோது மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிற ஆட்கள் ஏறினார்கள். நூற்றுக்கணக்கில் ஏறி, மேல்தட்டில் பாயை விரித்து, பெட்டி சட்டி குழந்தைகளோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாங்கள் உல்லாசமாகப் போகிறோம், அவர்கள் பிழைப்புக்குப் போகிறார்கள். ஒரே கப்பல். அந்தக் கூட்டத்தைக் கடந்துதான் நாங்கள் காற்று வாங்கப் போகவேண்டும். இவர் பறக்கிற மீனைக் காட்டினார், கடலின் நிறம் எங்கே மாறுகிறது என்று காட்டினார். நான் பார்த்தேன். ஆனால் காலடியில் படுத்திருக்கிறவர்களையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இவருக்கு மட்டும் அவர்கள் கண்ணில் படவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

குடத்துத் தண்ணீர் வெயிலிலும் அறையின் புழுக்கத்திலும் கிடந்து நாள் தாண்டத் தாண்ட வாடை மாறியது. துணியை அவிழ்த்தால் ஊறவைத்த கந்தலின் வாசனை. பித்தளையில் இருப்பதால் அப்படி என்றார். நடுக்கடலில் அவருக்கு வயிறு கலங்கியது. கப்பல் ஆட்டம் என்றார். மறுநாள் ரத்தமும் சீதமுமாகப் போயிற்று, காய்ச்சலும் வந்தது. அதற்கும் மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. கண் குழிவிழுந்து, கன்னம் ஒட்டி, கைத்தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது.

கப்பல் டாக்டர் மங்களூர்க்காரர். தமிழைத் தட்டித் தடவிப் பேசுவார். வந்து பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறார், என்ன குடிக்கிறார் என்று கேட்டார். நான் குடத்தைக் காட்டினேன். கொஞ்சம் தண்ணீரை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றச் சொன்னார். அடியில் நூல் நூலாக என்னவோ நெளிந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. படித்தவர்தானே நீங்கள் என்று இங்கிலீஷில் சத்தம் போட்டார். மருந்து கொடுத்தார். காய்ச்சி ஆறவைத்த கப்பல் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டுச் சொம்பு சொம்பாகக் கொடுக்கச் சொன்னார்.

இவர் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டார். மருந்தையும் கிணற்றுத் தண்ணீரில் கலக்கித்தான் குடிப்பேன் என்றார். நான் கெஞ்சினேன், திட்டினேன், காலில் விழுந்தேன். “வேண்டாம்டி. அம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்” என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பிறகு குடத்தைக் காட்டிக் கையை நீட்டினார்.

டாக்டர் என்னை வெளியே அழைத்து நேராகவே சொன்னார்: அந்தக் குடத்தில் இருப்பதை இன்னும் குடித்தால் ஆள் பினாங்கைப் பார்க்கமாட்டார். நல்ல தண்ணீர் உள்ளே போனால் பிழைக்கலாம். கப்பலில் உயிர் போனால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். துணியில் சுற்றிக் கடலில் இறக்கிவிடுவோம், அதுதான் வழக்கம் என்றார். கொள்ளி இல்லை, சாம்பல் இல்லை. ஊரில் நான் யார் முகத்தில் விழிப்பேன் என்றெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர் இல்லாத வீட்டில் பூகோளப் படங்கள் சுருட்டிச் சாத்தியிருக்கும் என்று தோன்றியது. அதைத் தாங்க முடியவில்லை.

அவர் அயர்ந்து தூங்கினபோது ஒவ்வொரு குடமாகத் தூக்கிக்கொண்டு மேல்தட்டுக்குப் போனேன். ஓரமாக நின்று கடலில் கவிழ்த்தேன். கீழே படுத்திருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். நம் பட்டணத்துக்காரிதான், கூவம் கரையோ அடையாற்றுக் கரையோ. மடியில் குழந்தை. அதன் உதடு வெடித்திருந்தது. அவர்களுக்கெல்லாம் தண்ணீர் அளந்துதான். வரிசையில் நின்று வாங்கவேண்டும்.

“இன்னாமா, நல்ல தண்ணிய கடல்ல ஊத்திக்கினு கீற? ஒரு சொம்பு தண்ணிக்கு நாங்க காலைலேர்ந்து நிக்கிறோம். புள்ளைக்கு இப்டி கொஞ்சம் ஊத்து” என்று தகரக் குவளையை நீட்டினாள்.

இது கெட்ட தண்ணீர், குழந்தைக்கு ஆகாது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஏன் நம்பவேண்டும்? பளபளவென்று தேய்த்த பித்தளைக் குடம், வெள்ளைத் துணி. நான் மீதியையும் கவிழ்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. திட்டியிருந்தாலாவது தேவலை. அன்றைக்குப் பிறகு நான் அந்தப் பக்கமாக நடக்கவில்லை.

பட்லரிடம் வெந்நீர் வாங்கிக் குடங்களைச் சாம்பலும் உப்பும் போட்டுக் கழுவினேன். காய்ச்சிய கப்பல் தண்ணீரை நிரப்பி, உப்பும் சர்க்கரையும் திட்டமாகப் போட்டு, மாமியார் கட்டின மாதிரியே அதே துணியை, வெந்நீரில் அலசி, இறுகக் கட்டினேன். இவர் விழித்ததும் அவர் கண்ணெதிரே முடிச்சை அவிழ்த்துத் தம்ளரில் சாய்த்தேன். காய்ச்சலில் அவர் நாக்குக்கு ருசி செத்திருந்தது. ஒரு மடக்கு குடித்தார். இன்னொரு மடக்கு. பிறகு தம்ளரை விடவில்லை.

“நம்மாத்துத் தண்ணின்னா நம்மாத்துத் தண்ணிதான். நாக்கு ஒட்டிண்டிருந்தது, இப்பத்தான் விட்டது. இன்னும் கொஞ்சம் விடுடி” என்றார்.

விட்டேன். மணிக்கணக்காக விட்டுக்கொண்டே இருந்தேன். பினாங்கு வந்தபோது அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, வட்ட ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது உடம்பில் தண்ணீர் ஊறிவிட்டதற்கு அடையாளம் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அதுவரை இருந்த பயம் அன்றைக்குத்தான் விட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் போன இடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, பினாங்கில் ஒரு கைவண்டியில் உட்கார்ந்து கோயிலுக்குப் போனார். குருக்கள் கிணற்றில் இறைத்துக் குடங்களை நிரப்பித் தந்தார். கப்பலுக்குத் திரும்பினதும் நான் அதையும் கொட்டிவிட்டு, காய்ச்சின தண்ணீரை நிரப்பினேன். சிங்கப்பூரிலும் அப்படியே. கடற்கரையோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே தெரிகிற தீவுகளை ஒவ்வொன்றாக எனக்குக் கைகாட்டிச் சொன்னார். இத்தனை வருஷம் காகிதத்தில் பொட்டாக இருந்ததெல்லாம் பச்சைப் பசேலென்று நின்றது. அவர் குழந்தையாகிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தம்ளரில் தண்ணீர் சாய்த்துக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார். எங்கள் இருவருக்கும் வாழ்க்கையில் வாய்த்த நல்ல நாட்கள் என்றால் அவைதாம்.

திரும்பி வந்ததும் ஆரம்பித்தது. மயிலாப்பூரில் யாரைப் பார்த்தாலும் இவர் தன் வியாதிக் கதையைச் சொன்னார். கப்பல் டாக்டரே கைவிட்டுவிட்டான், எங்காத்துக் கிணத்துத் தண்ணிதான் என்னைக் காப்பாத்தினது என்றார். டாக்டர் கொடுத்த மருந்துக்குக்கூட அந்தக் கதையில் இடமில்லை. மாமியார் கிணற்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். மேடையைச் சுண்ணாம்படித்துக் கோலம் போட்டார். அக்கம்பக்கத்து மாமிகள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் செம்போடு வந்து நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வந்தவர்களிடம் மட்டும், காய்ச்சிக் கொடுங்கோ மாமி, காய்ச்சினாத்தான் குணம் என்று கொல்லைக் கதவருகே சொல்லி அனுப்பினேன். இவருக்குச் சீரக வெந்நீர்தான் இனிமேல் உடம்புக்கு ஆகும் என்று சொல்லி அதையே பழக்கப்படுத்தினேன். இப்படியே காலத்தைத் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் நாத்தனாருக்கு ஏழாம் மாசம், சீமந்தம் ஆகிப் பிரசவத்துக்கு வந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து முதல் பிரசவம். மாம்பலத்துக் குழாய்த் தண்ணீருக்குப் பழகின உடம்பு. மாமியார் மகளுக்குத் தானே இறைத்துப் பச்சைத் தண்ணீராகக் கொடுத்தார். காய்ச்சினால் கிணற்றின் குணம் போய்விடுமாம். நான் ரகசியமாகக் காய்ச்சி வைத்தால் அதைக் கீழே கொட்டிவிட்டு வேறு இறைப்பார். ஒரு வாரத்துக்குள் அவளுக்கு வயிறு கலங்கியது. அதே ரத்தம், அதே சீதம், அதே காய்ச்சல். கிள்ளினால் கிள்ளினபடியே நிற்கிற தோலைப் பார்த்தவுடன் எனக்குக் கப்பல் அறை ஞாபகம் வந்தது.

ராயப்பேட்டையிலிருந்து ஒரு லேடி டாக்டரை அழைத்து வந்தோம். அவர் பார்த்துவிட்டு, கொல்லைக்குப் போய்க் கிணற்றையும் பார்த்துவிட்டு, உடனே குழாய்த் தண்ணீர் பிடித்துக் காய்ச்சிக் கொடுங்கள், இந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம் என்றார். தாயும் குழந்தையும் இரண்டு பேருமே ஆபத்தில் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். மாமியார் சிரித்தார். குழாயில் தோல் இருக்கிறது என்றார். டாக்டர் விடவில்லை. அப்போது என் கணவர் முன்னால் வந்தார். எம்.ஏ. படித்த, காலேஜ் வாத்தியார். அவர் சொன்னால் யாரும் கேட்பார்கள்.

தான் நடுக்கடலில் இதே வியாதியில் சாகக்கிடந்ததையும், இதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பிழைத்ததையும் அவர் டாக்டரிடம் இங்கிலீஷில் நிதானமாக விளக்கினார். தானே சாட்சி என்றார். டாக்டர் கிணற்றுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். உங்கள் இஷ்டம் என்று பையை மூடினார். உள்ளே நாத்தனார் தண்ணீர், தண்ணீர் என்று முனகினாள். மாமியார் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

நான் போய்க் குறுக்கே நின்றேன். மாமியாரை அதுவரை நான் தொட்டதில்லை, மடி. அன்றைக்குக் கையைப் பிடித்தேன். செம்பு கீழே விழுந்தது.

“ஏன்னா, நீங்க பொழைச்சது இந்தத் தண்ணியால இல்லை” என்று அவரைப் பார்த்துச் சொன்னேன். “இதைக் கடல்ல கொட்டிட்டேன். நீங்க குடிச்சது கப்பல் தண்ணி. கொழாயைத் தெறந்து பிடிச்ச தண்ணி. காய்ச்சி, அந்தக் குடத்துல ஊத்தி, நான்தான் கொடுத்தேன்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு, “எப்போலேர்ந்து?” என்று கேட்டார்.

“பினாங்குக்கு முன்னாடிலேர்ந்து. திரும்பி வந்து எறங்கற வரைக்கும்.”

“சிங்கப்பூர்ல, அந்த பெஞ்சுல உக்காந்துண்டு?”

“அதுவும்தான்.”

மாமியார் நேரே கொல்லைக்குப் போனார். வாளி கிணற்றில் விழுகிற சத்தமும், தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொள்கிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. சாவுச் செய்தி வந்தால் முழுகுகிற மாதிரி முழுகினார். என் கணவர் கூடத்தில் நின்றபடியே இருந்தார். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு குடத்தை எடுத்தார். பூணூலும் வேஷ்டியுமாக வாசலுக்குப் போய், தெருவே பார்க்க, குழாயைத் திறந்து பிடித்துத் தூக்கிவந்தார். அடுப்பில் வைத்தார். தானே தங்கைக்குப் புகட்டினார். அவருடைய அம்மாவின் பேச்சை அவர் மீறினது அதுவே முதல் தடவை. அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை என்னவென்று சொல்வது.

நாத்தனார் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை. எட்டாம் மாசத்திலேயே, உயிரில்லாமல் பிறந்தது. ஒரு வாரம் முன்னால் குழாய்த் தண்ணீர் கொடுத்திருந்தால் என்று லேடி டாக்டர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

என் கணவர் குடித்த கப்பல் தண்ணீருக்குச் சாஸ்திரிகள் பரிகாரம் சொன்னார். பூணூல் மாற்றி, பஞ்சகவ்யம் சாப்பிட்டு, ஹோமம் பண்ணியானது. அடுத்த மாசமே அவர் தகப்பனாருக்குத் திவசம் செய்தார், பிராமணர்கள் வந்து சாப்பிட்டார்கள், ஒரு குறையும் இல்லை. மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அது எனக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. கிணற்றை மட்டும் அவர் விடவில்லை. தன் ஒருத்திக்கு இறைத்துக் குடித்துக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் திடமாக நடமாடினார். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல.

திவசம் முடிந்த அன்று சாயங்காலம், அவர் கூடத்தில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போலத் தம்ளரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அங்கே வை என்றார். வைத்தேன். அதைத் தொடாமல் எழுந்து போய், குழாய்த் தண்ணீர் காய்ச்சி வைத்திருந்த பானையிலிருந்து தானே மொண்டு குடித்தார். அடுத்த நாளும் அப்படியே. என்னன்னா இது என்று கேட்டேன்.

“உம்மேல கோபமில்லைடி. நீ இல்லைன்னா நான் கடல்லதான். தெரியறது. ஆனா உன் கையால தம்ளர் வந்தா, இது என்ன தண்ணின்னு யோசனை வரது. யோசிச்சுண்டு குடிக்க முடியலை.”

நான் வாதாடிப் பார்த்தேன். நான் வைத்த ரசத்தில் தண்ணீர் இல்லையா, நான் கரைத்த மோரில் இல்லையா, அதெல்லாம் உள்ளே போகிறதே என்றேன். போகிறது, ஒத்துக்கொண்டார். ஆனால் தண்ணீர் மட்டும் இல்லை. பூகோளப் படங்களை மறுபடி விரித்தார். நான் வெற்றிலை மடித்துக் கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொண்டார். சிரித்துப் பேசினார். வெளியார் யார் பார்த்தாலும் ஒற்றுமையான தம்பதி என்றுதான் சொல்வார்கள். மற்றதெல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இது ஒன்று மட்டும் ஆகவில்லை. பழகிப்போய்விடும் என்று வருஷக்கணக்காக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் அப்போது இல்லை, காலமாகிவிட்டார். நாங்கள் இரண்டு பேர்தான் வீட்டில். பேசிக்கொண்டே ஒரு வாய் எடுத்தவருக்குப் புரையேறியது. மூச்சு அடைத்துக் கண் சிவந்து, முகமெல்லாம் நீலம் பாரித்தது. பக்கத்தில் தண்ணீர் வைக்க மறந்திருந்தார். நான் ஓடிப்போய்ப் பானையில் மொண்டு, தலையில் தட்டிக்கொண்டே தம்ளரை வாய்க்கு நேரே கொண்டுபோனேன். அவர் இருமிக்கொண்டே, கண்ணிலிருந்து நீர் வழிய, என் கையை விலக்கினார். பலமாகத் தள்ளவில்லை, மெதுவாகத்தான் விலக்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூச்சு வாங்கத் தள்ளாடித் தள்ளாடிச் சமையலறைக்கு நடந்து, தானே மொண்டு குடித்தார். கப்பலில்கூட நான் அழுததில்லை. அன்றைக்கு அந்தத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.